இருபத்து நான்கும் பச்சை

அனுப்புநர் என்று போட்டுவிட்டீர்களா சார்? அதற்குக் கீழே ஏ. கஸ்தூரி என்று எழுதுங்கள். கணவர் பெயர் ஏகாம்பரம். 'முன்னாள் களப்பணியாளர்' என்று போடாதீர்கள். 'களப்பணியாளர்' என்று மட்டும் போடுங்கள். முன்னாள் என்று நானே எழுதிக் கொடுத்தால் கலெக்டர் அதோடு மடித்து வைத்துவிடுவார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் வேலையைத் திருப்பித் தர வேண்டும். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் மனுவுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். எழுத வேண்டாம் என்று நடுவில் சிலதைச் சொல்வேன். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம். பெயர் சான்றிதழில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு மூளை எப்படி வளர்கிறது என்று பார்க்கிறார்கள். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. தலையில் ஒரு குல்லா போடுவோம். குல்லாவில் சின்னச் சின்ன விளக்குகள் வைத்துத் தைத்திருக்கும். அதிலிருந்து போகிற வெளிச்சம் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உற்றுப் பார்த்தால் அணையப்போகிற தணல் மாதிரி லேசாக ஒரு சிவப்பு தெரியும், அவ்வளவுதான். அகச்சிவப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்து வெளிச்சமாம். அது மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போய், ரத்தத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்திலேயே வெளியே வந்துவிடும். வருவதைப் பிடிக்க விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கண் இருக்கும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும் இல்லையா, அதை அந்த வெளிச்சம் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் குரலைப் போட்டால் காதுக்கு மேலே ரத்தம் ஏறும். கிலுகிலுப்பைச் சத்தம் போட்டால் வேறு மாதிரி ஏறும். ஒரு குழந்தையை ஆறாம் மாதத்தில் ஒரு முறை, ஒன்றரை வயதில் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இதெல்லாம் மனுவில் வேண்டாம். விஞ்ஞான ஆராய்ச்சி என்று போட்டால் போதும். உங்களுக்குப் புரியட்டும் என்று சொன்னேன்.

என் வேலை ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களைக் கூட்டி வருவது, குழந்தைக்குக் குல்லா மாட்டுவது. மெஷின் எங்கள் ஊரில்தான் இருந்தது, சத்துணவுக் கூடத்துக்கு அடுத்த அறையில். சென்னையிலிருந்து ஜெரோம் சார் என்று ஓர் இன்ஜினியர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. ஊர்களில் எனக்கு லைட்டக்கா என்று பெயர். "லைட்டக்கா வருது, புள்ளைக்கு மூஞ்சி தொடைச்சி விடு" என்பார்கள். உட்கார நாற்காலி எடுத்துப் போடுவார்கள். பத்தாவது படித்தவளுக்கு வேறு எந்த வேலையில் நாற்காலி போடுவார்கள், சொல்லுங்கள். மருமகள்களுக்குள் சண்டை என்றால்கூட என்னிடம் வந்து நியாயம் கேட்பார்கள். இப்போது அதே தெருவில் நடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பயிற்சி நான்கு நாள் நடந்தது. சான்றிதழ் கொண்டு வந்திருக்கிறேன். திரையில் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தலை வரும். அதில் இருபத்து நான்கு புள்ளிகள். ஜெரோம் சார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பச்சை வந்தா நல்லது. மஞ்சள் வந்தா பரவாயில்ல. சிவப்பு வந்தா கெட்டது. இதுக்கு மேல உங்களுக்கு வேணாம் கஸ்தூரி, சொன்னா குழம்பிடுவீங்க." இதை எழுதுங்கள். அவர் வாயால் சொன்னது, ஒரு எழுத்தை மாற்ற வேண்டாம்.

ஒரு படிவம் உண்டு. தாய்மார்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 'இது மருத்துவப் பரிசோதனை அல்ல, தனிப்பட்ட குழந்தையைப் பற்றிய முடிவு எதுவும் தெரிவிக்கப்படாது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தால் எவள் வருவாள்? இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தையோடு, ஒன்றும் சொல்ல மாட்டோம் என்கிற இடத்துக்கு எவள் வருவாள்? அந்த வரி வரும்போது நான் குழந்தையைக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவேன். இதை எழுத வேண்டாம்.

குல்லாவை மாட்டியதும் திரையில் ஒவ்வொரு புள்ளியாகப் பச்சை வரும். அம்மாக்காரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னக்கா அது?" என்பாள். எனக்குத் தெரியாது என்று சொல்வதா? அட்டையை வேறு மாட்டிக்கொண்டு? "பச்சைன்னா நல்லது. உன் புள்ளைக்கு மூளை நல்லா இருக்குது" என்பேன். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்க்க வேண்டும் சார். அழுதவர்கள் உண்டு. சிவப்பு வந்தால் பக்குவமாகத்தான் சொல்வேன். "கொஞ்சம் மந்தமா காட்டுது, எதுக்கும் நல்லா பாத்துக்க" என்பேன். ஒரு வீட்டில் அதற்கப்புறம் அந்தப் பையனை மந்தம் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். செல்லமாகத்தான்.

முடி இருந்தாலும் சிவப்பு வரும். கறுப்பு முடி அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும். எண்ணெய் வேறு வழிய வழிய வைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு மெல்லிய குச்சியால் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே முடியை விலக்கிவிட வேண்டும், அதற்குள் குழந்தை அழுதுவிடும், அழுதால் ஃபைல் போச்சு. புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு சிவந்தால் அந்தக் குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்கள். அன்றைக்கு நான் பட்ட பாடெல்லாம் வீண். முடியால் வந்த சிவப்பு எது, மூளையால் வந்த சிவப்பு எது என்று கேட்கிறீர்களா? பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருஷ அனுபவம்.

ஒரு நாள் ஜெரோம் சார் முடியோடு போராடிவிட்டு, "எல்லாத்துக்கும் மொட்டையடிச்சு விட்டா நம்ம வேலை பாதியாயிடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னாரா இல்லையா? அவர் எனக்கு மேலதிகாரி. 'மேலதிகாரியின் அறிவுறுத்தலின் பேரில்' என்று எழுதுங்கள். வீட்டில் என் வீட்டுக்காரர் தாடி வழிக்கிற மெஷின் சும்மா கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் பதினேழு குழந்தைகளுக்குக் காதுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சம் எடுத்தேன். ஒரு அம்மாக்காரியும் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டாவதுதான் அம்சவேணியின் குழந்தை.

அம்சவேணிக்கு மேலத்தாங்கல். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறை வருவான். வீட்டில் மாமியார் கன்னியம்மாவும் அவளும்தான். இரண்டு கலைந்து மூன்றாவதாகத் தங்கியது இந்தப் பெண். நித்திலா என்று பெயர். குழந்தைக்கு முடி என்றால் முடி, அப்படி ஒரு முடி சார். ஆறு மாதத்தில் காதை மூடிக்கொண்டிருந்தது. குலதெய்வம் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு விட்டு வைத்திருந்தார்கள். முதல் மொட்டை அம்மன் கோயிலில், தாய்மாமன் மடியில். தாய்மாமன் தினகரன் மஸ்கட்டில் இருந்தான். ஒன்பதாம் மாதம் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை தலையில் கத்தி படக்கூடாது.

அவள் வீட்டுக்கு நான் முதலில் போனபோது மாமியார் களைக்குப் போயிருந்தார். அம்சவேணி கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த லைட்ல காது கேக்குதான்னு தெரியுமா?"

"ஏன்?"

"தட்டு விழுந்தாலும் திரும்ப மாட்டேங்கறா. எங்க அத்தைகிட்ட சொன்னா, ஊமையைப் பெத்தேன்னு சொல்லிக்கிறியான்னு கேக்கறாங்க."

நான் குழந்தையின் முன்னால் கையைத் தட்டினேன். கையையே பார்த்துச் சிரித்தது. "இதோ பாக்குதே" என்றேன். இருந்தாலும் அவள் முகம் தெளியவில்லை. "மூளையவே பாக்கற மெஷின்டி, காது தெரியாதா?" என்றேன். அடுத்த நாளே வந்துவிட்டாள், மாமியாருக்குத் தெரியாமல், அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு.

வந்ததும் படிவத்தை நிரப்பினேன். முடியின் அடர்த்தி என்று ஒரு கட்டம் இருக்கும். அதிகம் என்று டிக் போட்டேன். குல்லாவை மாட்டினால் பதினெட்டு சிவப்பு. குச்சியால் விலக்கி விலக்கிப் பார்த்தேன், பதினாறு. ஆறு மாதத்துக்கு முன்பின் ஒரு வாரம்தான் கணக்கு, அதைத் தாண்டினால் அந்தக் குழந்தை வேண்டாம் என்பார்கள். அவளுக்கு அன்றோடு வாரம் முடிகிறது. பையிலிருந்து மெஷினை எடுத்தேன்.

"வேணாம்க்கா. அம்மனுக்கு விட்டது."

"முழுசா இல்லடி. காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கொஞ்சம். வெளிய தெரியாது."

"எங்கண்ணன் அதுக்குன்னே வருது."

"அப்ப கூட்டிட்டுப் போ. பத்து வருஷம் கழிச்சு உன் பொண்ணு ஜாடை காட்டிக் கேப்பா, ஏம்மா அன்னைக்கே பாக்கலன்னு. அதுக்கு அங்காளம்மனா வந்து பதில் சொல்லும்?"

எழுந்து வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். ரொம்ப நேரமில்லை, ஒரு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை சார். அவளாகத்தான் திரும்பி வந்தாள். இதை எழுதுங்கள்.

காதுக்கு மேல் எடுத்தேன். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. இன்னொரு பக்கத்தைச் சரிபண்ணப் போனால் அது இன்னும் மேலே ஏறிவிட்டது. சொறிநாய் முதுகு மாதிரி ஆகிவிட்டது தலை. அதைப் பார்த்துவிட்டு அம்சவேணி சத்தமில்லாமல் அழுதாள். அப்புறம் அவளே சொன்னாள், "முழுசா எடுத்துடுங்கக்கா." அவளே சொன்னாள். முடியை எல்லாம் தரையிலிருந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கும் பெருக்குகிற வேலை மிச்சம்.

குல்லாவை மாட்டினேன். இருபத்து நான்கும் பச்சை. இரண்டு வருஷத்தில் நான் ஒரே ஒரு முறைதான் இருபத்து நான்கையும் பச்சையாகப் பார்த்திருக்கிறேன். செல்போனில் படம் எடுத்து வைத்தேன். கலரில் பிரிண்ட் போட்டு இதோடு இணைத்திருக்கிறேன், பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துவிடாதீர்கள், எல்லாப் புள்ளியும் ஒரே நிறமாகிவிடும்.

அப்புறம் சத்தங்களைப் போட்டோம். அம்சவேணியின் குரலை முதலிலேயே பதிவு செய்திருந்தேன். "நித்திலா, அம்மாவப் பாரு, நித்திலா" என்று. அது வந்தது, இடைவெளி, கிலுகிலுப்பை, இடைவெளி, மறுபடி குரல். மற்ற குழந்தைகள் கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு அசைவார்கள். அசைந்தால் திரையில் ஓடுகிற கோடு எகிறிவிடும், அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். இவள் அசையவே இல்லை சார். பன்னிரண்டு நிமிஷமும் அம்மா மடியில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதயத் துடிப்பு மட்டும் கோட்டில் சின்னச் சின்ன அலையாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றபடி ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்படிச் சமத்துக் குழந்தையை நான் பார்த்ததில்லை.

"கேக்குதாக்கா?" என்றாள் அம்சவேணி.

"எல்லாம் பச்சை. உன் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, போ."

என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

அந்த ஃபைல் சென்னைக்குப் போனது. அடுத்த மாதம் மாலினி மேடம், அவர்தான் அங்கே பெரியவர், போனில் கூப்பிட்டார். "கஸ்தூரி, இவ்வளவு சுத்தமான ஃபைல் நம்மகிட்ட இதுவரைக்கும் இல்ல" என்றார். அடர்ந்த முடி உள்ள நம் ஊர்க் குழந்தைகளிடமும் இப்படி எடுக்க முடியும் என்று வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் காட்டினாராம். முதல் படமே அதுதான். திரும்பி வந்ததும் எல்லாரையும் சென்னைக்கு வரச் சொல்லி, நடுவில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கை தட்டினார்கள். படித்தவர்கள், இங்கிலீஷ்காரர்கள், எனக்குக் கை தட்டினார்கள். படிவத்தில் முடி அதிகம் என்று போட்ட டிக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இது மனுவில் வேண்டாம்.

வீட்டில் தலையில் சிரங்கு என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள் அம்சவேணி. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்று. ஒன்பதாம் மாதம் தினகரன் வந்தான். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், பட்டுப்பாவாடை எல்லாம் வாங்கி வந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்து, விரல் நீளம்கூட இல்லாத முடியைக் கோயிலில் வழித்துவிட்டுப் போனார்கள். கன்னியம்மாவுக்கு அது மனதில் உறுத்திக்கொண்டேதான் இருந்ததாம்.

நடுவில் அம்சவேணி எனக்கு நான்கைந்து முறை போன் செய்தாள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாக்கா, பேச்சே வரலக்கா, காது டாக்டர்கிட்ட காட்டட்டுமா?" என்று. ஒவ்வொரு முறையும் பொறுமையாகத்தான் சொன்னேன். "மெஷினே பாத்து சொன்னதுக்கப்புறம் டாக்டர் காதுக்குள்ள டார்ச் அடிச்சு என்ன சொல்லப்போறார்? சில புள்ளைங்க லேட்டாதான் பேசும்." அவள் நம்பினாள். நம்பத்தானே என்னைக் கேட்டாள்?

பதினாறாம் மாதம் குழந்தைக்குச் சளி என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு லேடி டாக்டர் சந்தேகப்பட்டு, தூங்க வைத்து, காதுக்கு ஏதோ பரிசோதனை செய்து, இரண்டு காதும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறவியிலிருந்தே கேட்காது என்று வேறு. ஆறு மாதத்தில் கூட்டி வந்திருந்தால் அப்போதே காதுக்கு மெஷின் மாட்டியிருக்கலாம், இந்நேரம் நாலு வார்த்தை பேசியிருக்கும், பத்து மாதத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாயே என்று கத்தினாராம். அம்சவேணி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து மொட்டையைப் பற்றியும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மறுநாள் காலை கன்னியம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஏம்மா லைட்டு, எம் பேத்திக்கு அன்னைக்குக் காது கேட்டுச்சா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

நான் என்ன சொல்ல முடியும்? கேட்கவில்லை என்றால், அப்புறம் ஏன் கேட்குது என்று சொன்னாய் என்று என் முடியைப் பிடித்திருப்பார். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். "பாருங்கம்மா, எல்லாம் பச்சை. அன்னைக்கு நல்லா கேட்டுச்சு."

"அப்ப எப்பப் போச்சு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. மொட்டையடிச்சு அரை மணி நேரத்துல எடுத்த படம் இது. அதுக்கப்புறம்தான் போயிருக்கணும்."

நான் அம்மன் பெயரையே எடுக்கவில்லை சார். அவர்தான் எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, "அங்காளம்மா, உனக்கு விட்ட முடிய எடுத்தாளே பாவி, காதைப் புடுங்கிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டார். கூடியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அம்சவேணியைக் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் ஓசூரிலிருந்து வரவே இல்லை. தெய்வக்குத்தம் செய்தவள் கையால் சோறு தின்ன மாட்டேன் என்று போனில் சொன்னானாம்.

மொட்டையடித்தது, காது கேட்குது என்று சொன்னது எல்லாவற்றையும் எழுதித் தினகரன்தான் மஸ்கட்டிலிருந்து சென்னைக்குப் புகார் அனுப்பினான். மாலினி மேடமும் ஜெரோம் சாரும் காரில் வந்தார்கள். அதே அறையில், எனக்கு எதிரில் உட்கார்ந்தார்கள்.

"பச்சைன்னா காது கேக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் மேடம்.

"பச்சைன்னா நல்லதுன்னு சார்தான் மேடம் சொன்னார்."

ஜெரோம் சார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "வெளிச்சம் நல்லா போயிட்டு வருதுன்னுதான் அதுக்கு அர்த்தம் கஸ்தூரி. விளக்கு தோல்ல சரியா ஒட்டியிருக்குன்னு. அதுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்ல. பூசணிக்காய்க்கு மாட்டினாலும் பச்சை வரும்."

பாருங்கள் சார். இரண்டு வருஷம் பச்சை நல்லது, பச்சை நல்லது என்று சொல்லிவிட்டு, என்னை நீக்குகிற அன்றைக்கு மட்டும் அதற்கு வேறு அர்த்தம் வருமா? இதை அழுத்தி எழுதுங்கள். நான் கேட்டேன், "என்னைத் தூக்கறீங்களே மேடம், அந்த ஃபைலத் தூக்கிட்டீங்களா?" அவர் ஜெரோம் சாரைப் பார்த்தார். "அது வேற விஷயம்" என்றார். அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பூசணிக்காய் என்று சொன்னதை எழுத வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை அம்சவேணி என் வீட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன். அவள் சண்டை போடவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேற ஒண்ணும் வேணாம். எங்க அத்தைகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. பச்சைன்னா காது இல்ல, அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே கேக்காதுன்னு நீங்க சொன்னா போதும். டாக்டர் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. நான் அம்மன் முடியை எடுத்ததாலதான் எம் பொண்ணுக்குக் காது போச்சுன்னு..." குழந்தையின் தலையைத் தடவினாள். "எனக்கே அப்படித்தான் தோணுதுக்கா, ராத்திரியெல்லாம்" என்றாள்.

எனக்கும் மனசு இருக்கிறது சார். ஆனால் நான் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? நூற்று நாற்பத்தொரு குழந்தைகளுக்குப் பச்சை, சிவப்பு என்று சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒருத்தியாவது வந்து கேட்டாளா? இவளுக்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நூற்று நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் நான் போய் நிற்க வேண்டும்.

அதனால் நான் ஒன்று சொன்னேன். "சொல்றேன்டி. ஆனா நீ எனக்கு ஒண்ணு செய்யணும். மொட்டை நான் அடிக்கல, நீயே அடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. என்னைத் தூக்கினதுக்கு அதுதான் பெரிய காரணம். அது இல்லன்னா வேலை திரும்பக் கிடைச்சிடும். நானும் அட்டையோட வந்து சொன்னா உங்க அத்தை மறுபேச்சு பேச மாட்டாங்க."

குழந்தை என் வீட்டு டம்ளர்களை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "எங்கண்ணன் படிச்சா என்ன நெனைக்கும்?" என்றாள். நான் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். பன்னிரண்டாவது படித்தவள், நல்ல கையெழுத்து. 'என் சுய விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல்' என்பதுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "இப்பவே போலாமாக்கா?" என்றாள். நாளைக்கு என்றேன்.

இதுதான் அந்தக் காகிதம். இதை முதல் இணைப்பாக வையுங்கள். படத்துக்கும் மேலே.

இல்லை சார், இன்னும் போகவில்லை. எப்படிப் போவது? கன்னியம்மாதான் எனக்குச் சாட்சி. இந்தக் கையால் இருபத்து நான்கு பச்சை வந்தது, அன்றைக்குக் குழந்தைக்குக் காது கேட்டது என்று கலெக்டரிடம் சொல்ல அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதோ, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நிழலில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். காலையில் முதல் பஸ்ஸில் நான்தான் அழைத்து வந்தேன். மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம். "நீ நாலு ஊர் போறவ, நல்ல எடமா இருந்தா சொல்லும்மா" என்றார். இரண்டு இடம் சொல்லியிருக்கிறேன்.

பெறுநரில் உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் என்று முழுதாகப் போடுங்கள். கீழே தேதி.

என் போன்தான் சார். அவள்தான், தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள், போனீங்களாக்கா என்று. நீங்கள் எழுதுங்கள். எடுக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும்.